தொடக்கத்தார்க்குத் துணை நிற்போம்

(ஆனையிறவில் ஆற்றிய உரை)



கணினிக் கல்வியிற் புதிதாய்க் கால் வைப்போர்க்கு நாம் எவ்வாறு உதவலாம் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். இது கற்ற சிலர்க்கே உரியதெனப் பெரியோர் எண்ணுதல் கூடும். அவ்வாறன்று.

நம் ஆனையிறவு உப்பளத்தைப் பாருங்கள். கடனீரேரியின் நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, அதன் செறிவை அளக்கின்றனர். போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகை வருமளவும் காத்திருந்து, வந்தபின் உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுகின்றனர். 'இன்னது நிகழுமளவும் இதனைச் செய். நிகழ்ந்தபின் அதனைச் செய்' என்னும் இவ்வொழுங்கை ஐயமற எழுதிவைத்தால் அதுவே செய்நிரல். நாம் சொல்லாமல் விட்டதை உப்பளத் தொழிலாளி தன் அறிவால் நிரப்பிக்கொள்வான். கணினியோ எழுதியதை மட்டுமே செய்யும். தொடக்கத்தாரின் இடர்ப்பாடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது.

ஓர் உதாரணம். உயர்தர மாணவன் ஒருவன் இரண்டு எண்களைக் கூட்டப் பைதன் மொழியிற் செய்நிரல் எழுதி, 12, 8 என உள்ளிடுகின்றான். 20 வரவில்லை, 128 வருகின்றது. ஏன்? சாவிப்பலகையில் இடுவதைப் பைதன் முதலில் எழுத்துக்களாகவே கொள்ளும். அவற்றைக் கூட்டச் சொன்னால் ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டிவிடும். 'இன்ட்' என்னும் கட்டளையால் நிறைவெண்ணாக மாற்றியபின் கூட்டினால் 20 வரும்.

'இதுகூடத் தெரியாதா?' என்று நகைப்பவன் அம்மாணவனை இத்துறையினின்றே துரத்திவிடக்கூடும். விடையை எழுதிக் கொடுத்தனுப்புபவனும் பெரிதும் உதவினானல்லன். நாளை வேறொரு வழுவில் அவன் மீண்டும் திகைத்து நிற்பான். 'நீ எதை எதிர்பார்த்தாய்? என்ன வந்தது? வழுச் செய்தி வந்திருந்தால், அதன் கடைசி வரி என்ன சொல்கின்றது?' என்று அன்போடு கேளுங்கள். ஆங்கிலம் விளங்காவிடில் தமிழிற் பொருள் சொல்லுங்கள். பலவேளை விடையை அவனே காண்பான்.

வழுவுக்கு நாணவேண்டுவதில்லை. 1947இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி பிழைபட்டபோது, உள்ளே சிக்கியிருந்த விட்டிற்பூச்சியைக் கண்டெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தனர். தேடிக் கண்டு குறித்துவைத்தலே இத்துறையின் ஒழுக்கம்.

2009இல் ஓய்ந்த போரினால் வன்னிப் பிள்ளைகள் இழந்த படிப்பாண்டுகள் பல. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இருக்கின்றது; அங்கே கணினிப் பொறியியற்றுறையும் உண்டு. 2021இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வாயில்கள் திறந்துள்ளன. ஆயினும், முதற்படியில் இடறிய பிள்ளையைக் கைதூக்கிவிட அருகில் ஒருவர் வேண்டுமன்றோ?

உதவுவதால் நமக்கென்ன பயன் என்பார்க்குப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் விடை பகர்ந்துள்ளார். ஆசிரியரிடம் நன்கு கேட்டவனுக்கும் காற்பங்கே கைவரும். உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் பிறர்க்கு விரித்துரைப்பதாலேயே நிரம்பும் என்பது அவர் கருத்து.

ஆகவே இளைஞர்களே, வாரத்தில் ஒரு மாலையை உங்களிலும் இளையோர்க்கென ஒதுக்குங்கள். பெரியோர்களே, அதற்கு இடமும் ஊக்கமும் தாருங்கள். அவர்கள் கல்வியும் வளரும். உங்கள் கல்வியும் நிறைவெய்தும்.