டயர் தேய்ந்த விதம் சொல்லும் சேதி



ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த குடும்பங்களுக்கு டயரைப் பற்றிச் சொல்ல வருவது, கொல்லர் தெருவில் ஊசி விற்பது போலத்தான். பிரேசிலில் பிறந்த ரப்பரின் கன்றுகள் 22, 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பின் மோட்டார் வண்டிகள் பெருக, ரப்பர்த் தோட்டங்களும் பெருகின. நம் பாட்டன்மார் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்ததற்கு டயரும் ஒரு காரணம். ஆயினும் பாலை வாளியில் ஊற்றிக் கொடுத்ததோடு நமக்கும் டயருக்கும் உள்ள உறவு முடிந்துவிட்டது போலும். அது நம் வாசலிலே வண்டிக்கு அடியில் ஒரு பக்கமாகத் தேய்ந்து நிற்கையில், ஏன் என்று நாம் குனிந்து பார்ப்பதில்லை.

செனாய் வட்டாரம் மாறிவிட்டது. 1974இல் விமான நிலையம் வந்தது. பின்னர் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் சில, டிரேலரில் ஒட்டுக்கடை அமைத்து, வேனுக்குப் பின்னால் கொக்கி மாட்டி, இரவுச் சந்தைக்கு இழுத்துச் சென்று பிழைக்கின்றன. செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றும் டிரேலர்களும் ஓடுகின்றன. இவற்றில் ஒரு டயர் மட்டும் சீக்கிரம் மொட்டையாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? டயர் கடைக்குப் போய்ப் புதியது மாட்டி வருகிறோம். சில மாதங்களில் அதுவும் அதே இடத்தில் தேய்கிறது. இப்படிச் செலவான பணத்தை ஒருவர் எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரியும். பணம் போவது ஒன்று. நெடுஞ்சாலையில் அந்த டயர் வெடித்தால், அடுப்பும் எரிவாயுத் தோம்பும் ஏற்றிய டிரேலர் முன்னே போகும் வேனையும் சேர்த்து ஆட்டிவிடும். வேனில் இருப்பவர்கள் நம் பெண்டு பிள்ளைகள்.

வேன் அல்லது காரின் சக்கரம் வண்டியைத் தள்ளும்; திரும்பும். டிரேலரின் சக்கரம் இரண்டையும் செய்வதில்லை. அது வெறுமனே இழுபட்டு உருளுகிறது. நேராக உருளும் சக்கரம் மெதுவாகவும் சமமாகவும்தான் தேயும். ஆகவே, டிரேலர் டயர் விரைவில் தேய்ந்தால், காற்றிலோ சுமையிலோ அச்சிலோ பேரிங்கிலோ கோளாறு இருக்கிறது. எதிலென்பதைத் தேய்ந்த விதமே காட்டிக் கொடுக்கும். அதனால்தான் டயர்களை இடம் மாற்றிப் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டபின் சாட்சி கலைந்துவிடும்.

டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு நன்றாயிருந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது சுமை அதிகம். இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிது. இரு பக்கமும் ஒரே அளவு காற்று இருந்தும் இடப்பக்க டயரின் ஓரங்கள் மட்டும் தேய்கின்றனவா? சுமை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. 200 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய் என்றால் 200 கிலோ. அதையும் அடுப்பையும் எரிவாயுத் தோம்பையும் ஒரே பக்கம் வைத்துவிட்டு, மறுபக்கம் வாடிக்கையாளருக்கான திறப்பு என்று விட்டால் என்ன ஆகும்? நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. மழைநீர் வழிய சாலையும் அந்தப் பக்கம் சற்றே சரிந்திருக்கிறது. அதனால் இடப்பக்க டயருக்கு மேலும் கொஞ்சம் பாரம் சேரும். பீப்பாயை அச்சுக்கு நேர் மேலே, நடுவில் நகர்த்துவதற்குக் காசு வேண்டியதில்லை.

டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் 91 போன்ற ஓர் எண் இருக்கும். 91 என்றால், தகுந்த காற்றோடு அந்த டயர் 615 கிலோ தாங்கும். இரண்டு டயர்களுக்கு 1,230 கிலோ. டிரேலரின் சொந்த எடையும் இதில் அடக்கம். ஐயமிருந்தால் பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் நிலையக் கருவி கிலோபாஸ்கலில் காட்டினால் குழம்ப வேண்டாம். பழைய கணக்கில் 1 பவுண்டு என்பது ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல்.

ஒரே ஓரம் மட்டும் தேய்வதுதான் சற்றுச் சிக்கலானது. இரண்டு டயர்களுக்கும் உட்புற ஓரம் தேய்ந்திருந்தால், பாரம் தாங்காமல் அச்சு வளைந்து, சக்கரங்களின் தலை உட்பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் என்றால், அது எப்போதோ கால்வாயிலோ நடைபாதை விளிம்பிலோ மோதியிருக்கலாம். ஓரம் தேய்ந்ததோடு, டயரின் மேல் கையைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் மரம் அறுக்கும் வாளின் பல் போலவும் உறைக்கிறதா? சக்கரங்கள் நேராக இல்லாமல், கால்விரல்களை உள்நோக்கியோ வெளிநோக்கியோ வைத்து நடப்பவரைப் போல ஓடுகின்றன.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சமதரையில் மற்றொரு சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் ஒரு சக்கரத்தைத் தூக்குங்கள். அடியில் யாரும் நுழையக் கூடாது. பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். டயரின் நடுவில் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து, ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால் ஒரு மெல்லிய கோடு விழும். மறு சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு இறக்கி, வண்டியைச் சில அடி முன்னே உருட்டி நிறுத்தி, இரு கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை டயர்களின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

இத்தனை சிறு வித்தியாசத்துக்கா என்று கேட்கலாம். வகுப்பில் நாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விகிதக் கணக்கே போதும். வித்தியாசம் 6 மில்லிமீட்டர் என்றால் ஒரு சக்கரத்தின் பங்கு 3 மில்லிமீட்டர். டயரின் விட்டம் 60 சென்டிமீட்டர். அதாவது 200இல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் உராய்கிறது. செனாயிலிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் 125 மீட்டர் தூரம் தாரில் அரைபடுகிறது. அழிப்பானைச் சுவரில் தேய்த்த பிள்ளைக்கு இது விளங்கும்.

அச்சு முழுவதுமே கோணலாக மாட்டியிருந்தால் வேறு கதை. கொக்கியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் ஒரு கயிற்றைப் பிடித்துப் பாருங்கள். நீளம் ஒன்றாக இல்லையென்றால் டிரேலர் நண்டு போலச் சாய்ந்து ஓடும். ஓர் அச்சு வண்டியில் டயர் அதனால் அதிகம் தேயாது. ஆனால் வால் சாலையின் நடுவுக்கு நீளும். இரண்டு அச்சு வண்டியில் அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் நான்கு டயர்களும் தமக்குள் சண்டையிடும். அங்கே கொக்கி உயரமாகி வண்டியின் மூக்கு தூக்கியிருந்தாலும் பின் டயர்களுக்குப் பாரம் கூடும்.

அச்சைக் கட்டிப்பிடித்திருக்கும் ஆணிகள் தளர்ந்திருந்தால் முடுக்கினாலே பாதித் தொல்லை தீரலாம். வளைந்த அச்சைச் சிலர் நெருப்பு வைத்துச் சிவக்கச் செய்து சம்மட்டியால் நிமிர்த்துகிறார்கள். மலிவுதான்; ஆனால் சூடேறிய இரும்பின் வலிமை போய்விடும். அழுத்தும் எந்திரத்தில் குளிர்ந்த நிலையில் நிமிர்த்துவோரிடம் கொடுப்பதோ, புதிய அச்சு போடுவதோதான் நல்லது.

திட்டுத்திட்டாகக் குழிந்து தேய்ந்தால் பேரிங்கைப் பாருங்கள். தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடக்கூடாது. தோட்டத்துச் சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸ் வெளுத்திருந்தால் கழுவிப் புதிதாக வைக்க வேண்டும். பேரிங் நன்றாயிருந்தால், சக்கரத்தின் சமநிலையை டயர் கடையில் சரிபார்க்கச் சொல்லலாம்.

புதுடயர் வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வெயிலில் சும்மா நிற்கும் டிரேலரின் டயர், தேயாமலே வெடிப்பு விட்டு முதுமையடையும். வரிப்பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் அவற்றோடு சமமாகிவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மீதம், அதற்குமேல் ஓட்டக்கூடாது. பழுது நீக்கியபின், உள் ஓரம், நடு, வெளி ஓரம் ஆகிய மூன்று பள்ளங்களிலும் ஒரு தீக்குச்சியை விட்டு, நகத்தால் அளவு குறித்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் அளக்கவேண்டும். மூன்றும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் பழுது தீர்ந்தது.