அண்ணாமலையார் அட்வான்ஸ் கேக்கலை

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, நாற்காலி கிடைக்காம சுவரோரம் நிக்கற தம்பிகளே, நாற்காலி கிடைச்சும் மனசு அடுப்பு மேல இருக்கற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வளரும் திருவண்ணாமலை'. நல்ல தலைப்பு. நானும் வளர்ச்சியைப் பத்தித்தான் பேசப் போறேன். இந்த ஊர்ல ராத்திரி பகல் பாக்காம, மழை வெயில் பாக்காம வளர்ற ஒரே பொருள் வீட்டு வாடகை. பாருங்க, சிரிக்கறவங்க எல்லாம் குடித்தனக்காரங்க. சிரிக்காம மின்விசிறியைப் பாக்கறவங்க வீட்டுக்காரங்க. மேடையிலருந்து பாத்தா நல்லாவே தெரியுது.

இது எந்த ஊருங்க? அம்பாள் வந்து இடம் கேட்டாங்க, சாமி தன் உடம்புல சரிபாதியைப் பிரிச்சுக் கொடுத்த ஊரு. இடப்பாகம்! அட்வான்ஸ் கேட்டாரா? பதினோரு மாசத்துக்கு அக்ரிமென்ட் போட்டாரா? 'மாட்டுக்கறி சமைப்பீங்களா, மாமியார் வந்து தங்குவாங்களா, மோட்டார் காலையில அரை மணிதான் ஓடும்'னு கண்டிஷன் போட்டாரா? கேட்டாங்க, கொடுத்தார். கார்த்திகை தீபத்தன்னிக்குச் சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் ரெண்டு நிமிஷம் வெளியே வந்து ஆடிட்டு உள்ள போறார். அந்த ரெண்டு நிமிஷத்தைப் பாக்க வர்ற சனத்துக்கு அன்னிக்கு ராத்திரி ஒரு அறை என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு என்கிட்ட வந்து சொல்லாதீங்க, எனக்கு ரத்தக்கொதிப்பு.

புரோக்கர் மட்டும் புராணத்திலேயே இருக்கார். பிரம்மா அண்ணாமலையாரோட முடியைப் பாக்கலை, பாத்தேன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். தாழம்பூ வந்துச்சு. 'ஆமா, பாத்தாரு'ன்னுச்சு. இன்னிக்கும் அதே தாழம்பூ வேங்கிக்கால்ல பைக் மேல உக்காந்துக்கிட்டு, 'சார், உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பன்னண்டாயிரம் கொடுத்தாங்க சார்'னு சாட்சி சொல்லுது. ஒரே ஒரு வித்தியாசம்தான். அந்தத் தாழம்பூவுக்குச் சாபம் கிடைச்சுது. இந்தத் தாழம்பூவுக்கு ஒரு மாச வாடகை கிடைக்குது!

கை தட்டுனது போதும், விஷயத்துக்கு வரேன். 1989ல நாம தனி மாவட்டம் ஆனோம். கலெக்டர் ஆபீஸ் வந்துச்சு, குமாஸ்தாக்கள் வந்தாங்க, வாடகை ஒரு படி ஏறுச்சு. 2013ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு, இன்னொரு படி. 2024 மே மாசம், வேலூரோட நின்னுக்கிட்டிருந்த சென்னை கடற்கரை ரயில் நம்ம ஊர் வரைக்கும் வந்துச்சு. ஐம்பது ரூபா டிக்கெட்டு. நல்ல விஷயம், நானே போய்ப் பாத்தேன். அதே வருஷம் நகராட்சி மாநகராட்சி ஆச்சு. போர்டு மாறுச்சு, வீட்டு வரி எவ்வளவு மாறும்னு தெரியறதுக்கு முன்னாடியே வாடகை மாறிடுச்சு. ஏம்பான்னு கேட்டா, 'மாநகராட்சி ஆயிடுச்சுல்ல சார்' அப்படின்றான்.

ஆனா ஒரு நியாயம் சொல்லணும். இதெல்லாம் எந்த ஊர்லயும் நடக்கறது. ஆபீஸ் வந்தா வாடகை ஏறும். நம்ம ஊர்ல நடக்கறது வேற. செங்கம் ரோட்டுல, ரமணா நகர்ல, பே கோபுரத் தெருவுல, அந்தப் பக்கம் அடிஅண்ணாமலை வரைக்கும் போய்ப் பாருங்க. முன்னாடி 'வீடு வாடகைக்கு'ன்னு தமிழ்ல எழுதியிருந்த சுவத்துல இப்ப 'ரூம்'னு தெலுங்குல எழுதியிருக்கு. எனக்குத் தெலுங்கு மேல கோபம் கிடையாது. ஆந்திராவுலருந்து தெலங்கானாவுலருந்து வர்ற சனம் பக்தியோட வருது, மலையைச் சுத்திப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோட நடக்குது, நம்ம கடையில டீ குடிக்குது. கோபம் அவங்க மேல இல்லை. கணக்கு மேல.

கணக்கைக் கேளுங்க. ஒரு வீட்டுக்கு மாச வாடகை எட்டாயிரம்னு வெச்சுக்குங்க. ரெண்டு அறை, ஒரு கூடம். அதையே மூணா பிரிச்சு, கட்டில் போட்டு, ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு விட்டா, ஒரு பௌர்ணமி, ரெண்டு சனி ஞாயிறு, அந்த எட்டாயிரம் வந்துடும். மிச்ச நாள் வீடு பூட்டிக் கிடந்தாலும் நஷ்டமில்லை. அப்ப வீட்டுக்காரர் என்ன பண்ணுவார்? பத்து வருஷமா இருந்த குடும்பத்தைப் பாத்து, 'பையனுக்குக் கல்யாணம் பேசறோம், வீடு வேணும்'பார். காலி பண்ண மூணாம் நாள் மாப்பிள்ளை வரமாட்டான், குளியலறைக்கு கீசர் வரும்!

இதுக்கு நடுவுல ஒரு வீட்டுக்கார அம்மா இருக்காங்க. மத்தலாங்குளத் தெருப் பக்கம். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா திட்டுவாங்க. கீழ் போர்ஷன்ல பூக்கட்டறவங்க ஒரு குடும்பம். 2020ல கிரிவலத்தை நிறுத்துனாங்களே, ரோடே வெறிச்சோடிக் கிடந்துச்சே, பூ யார் வாங்குவா? அந்தக் குடும்பம் வாடகை கொடுக்க முடியலைன்னு தலை குனிஞ்சு நிக்குது. அந்த அம்மா, 'கோயில் கதவு எப்போ தெறக்குதோ அப்போ குடு, இப்போ போய் ரேஷன் வாங்கு'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அவ்வளவுதான். செய்தித்தாள்ல வரலை, சால்வை போடலை.

சால்வைன்னதும் ஞாபகம் வருது. வேற ஒரு மேடையில ஒருத்தர் பேசியிருக்கார். 'வாடகை ஏறினா ஊர் வளருதுன்னு அர்த்தம், அதைப் பாத்து வயிறெரியறவன் ஊர் முன்னேற்றத்துக்கு எதிரி'ன்னு. யாரைச் சொன்னார்னு உங்களுக்குத் தெரியும். அவர் யாருன்னும் உங்களுக்குத் தெரியும். நான் நாகரிகமானவன், பேர் சொல்ல மாட்டேன். அவருக்கு எத்தனை வீடுன்னும் சொல்ல மாட்டேன், எண்ண ஆரம்பிச்சா அடுத்த பௌர்ணமி வந்துடும். ஐயா, நீங்க கிரிவலப் பாதையில நிருதி லிங்கத்துகிட்ட ஒண்ணு, வாயு லிங்கத்துகிட்ட ஒண்ணுன்னு வாங்கிப் போட்டிருக்கீங்க. எட்டு லிங்கம் முடிஞ்சுது. ஒன்பதாவது லிங்கம் எங்கன்னு தேடறீங்களா? ஊர் வளரட்டும், நாங்க எங்க வளர்றது? போளூர்லயா? தலைவர் கண்ணைக் காட்டறார். சரி, விட்டுட்டேன்.

விட முடியலை. இதே ஊர்ல வசூலுக்குப் பதில் சொன்ன ஒருத்தரோட கதையைச் சொல்லிட்டு விடறேன்.

1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலருந்து ஒரு பையன் வந்து இறங்குனான். பதினாறு வயசு. கையில மிச்சம் இருந்த காசை அய்யங்குளத்துல வீசிட்டான். அட்வான்ஸ் கொடுக்கவும் வழியில்லை, கேக்கவும் ஆளில்லை. ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம்னு இருந்து, அப்புறம் 1899ல மலைமேல விருபாட்சி குகைக்குப் போயிட்டார். ரமண மகரிஷி. அந்தக் குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். முன்னாடி தீபத்துக்கு வர்றவங்ககிட்ட சில்லறை வாங்குற வழக்கம் இருந்திருக்கு. மடத்துக்காரங்களுக்குள்ள வழக்கு, அதனால வசூல் நின்னுபோச்சு. வழக்கு முடிஞ்சுது. ஜெயிச்சவங்க வந்து பாத்தா, தீபத்துக்கு மட்டும் இல்லை, வருஷம் பூரா கூட்டம். எதுக்கு? சாமியாரைப் பாக்க. ஆகா! வசூல் ஆரம்பம்.

அவர் சண்டை போட்டாரா? மனு கொடுத்தாரா? ஒண்ணுமில்லை. எழுந்து வெளிய வந்து எதுத்தாப்புல மரத்தடியில உக்காந்துட்டார். வசூல்காரன் என்ன பண்ணான் தெரியுமா? நம்ம ஊர் ஆள்ல! மேஜையைத் தள்ளிப் போட்டு, மரத்தடிக்கும் சேத்து வசூல் பண்ணான்! சாமியார் பாத்தார். எழுந்து கீழ சத்குரு சுவாமி குகைக்குப் போயிட்டார். அவர் போனதும் கூட்டமும் போயிடுச்சு. குகை இருக்கு, மேஜை இருக்கு, ஆள் இல்லை. கடைசியில மடத்துக்காரங்களே போய், 'சாமி, வந்துடுங்க, நீங்க இருக்கற வரைக்கும் வசூல் கிடையாது'ன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அப்புறம் 1916 வரைக்கும் அங்கதான் இருந்தார்.

அந்த ஒன்பதாவது லிங்கத்தைத் தேடறவருக்கு இதைச் சொல்றேன். பூக்கட்டறவ, தேர் வடம் பிடிக்கறவன், ஆஸ்பத்திரி நர்ஸம்மா, விடிகாலையில கிரிவலப் பாதையைக் கூட்டறவங்க, இவங்க எல்லாம் அவலூர்பேட்டை ரோட்டுல பத்து கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டா, உங்க கீசர் போட்ட ரூமுக்கு வர்றவனுக்கு காலையில இட்லி யாரு சுடுவா? நீங்களா?

இன்னொண்ணு. போர்டுல 'டூ லெட்'னு இருக்கும். வாசல்ல போய் நின்னா, 'நீங்க என்ன ஆளுங்க?' சொந்த ஊர்க்காரனைப் பாத்து 'என்ன ஆளுங்க'ன்னு கேக்கற அதே வீட்டுக்காரர், டிசம்பர்ல வர்ற வெளிநாட்டுக்காரரைப் பாத்து 'எத்தனை மாசம்'னு மட்டும்தான் கேக்கறார். அவர் எந்த சாதி, என்ன சாப்பிடுவார், ஒண்ணும் வேண்டாம். கை தட்டுங்க, இதுக்குத் தட்டணும்!

சட்டம் இல்லைன்னு நினைக்காதீங்க. 1960ல போட்ட வாடகைச் சட்டத்தை எடுத்துட்டுப் புதுசு போட்டாங்க. 2017ல போட்டது, 2019 பிப்ரவரி 22 முதல் அமல்ல இருக்கு. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும். தண்ணியை, கரண்டை நிறுத்தி விரட்டக் கூடாது. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்புக்கிட்டா ஒழிய. அந்தக் கடைசி ஓட்டை வழியாத்தான் பத்து மாச அட்வான்ஸ் தலையை நீட்டி உள்ள வருது. வீடு தேடி அலையறவன் எதுக்குத்தான் ஒப்புக்க மாட்டான்? ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் கரண்டு இலவசம்னு அரசாங்கம் சொல்லுது. சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு முதல் யூனிட்டுலருந்தே வாங்கறாங்களே, அந்த நூறு யூனிட் எங்க போச்சு? இதைக் கேட்டா 'இஷ்டம்னா இரு'. இங்க எத்தனை பேர் கையில பதிஞ்ச ஒப்பந்தம் இருக்கு, கையைத் தூக்குங்க பாப்போம். ...பாத்தீங்களா தலைவரே? உங்க கையும் கீழதான் இருக்கு.

சிரிப்பை ஒரு நிமிஷம் ஓரமா வைப்போம். 2024 டிசம்பர் 1. புயல் மழை. வ.உ.சி. நகர்ல மலை சரிஞ்சு, பாறையும் மண்ணும் வீட்டு மேல விழுந்து ஏழு பேர் போயிட்டாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அப்புறம் பெரிய பெரிய ஆளுங்க டிவியில உக்காந்து, 'மலைச்சரிவுல ஏன் போய் வீடு கட்டறாங்க'ன்னு கேட்டாங்க. மலைச்சரிவுல வீடு கட்டணும்னு யாருக்கும் நேர்த்திக்கடன் இல்லை. தரையில ஒரு சென்ட் என்ன விலை, ஒரு போர்ஷன் என்ன வாடகைன்னு பாத்துட்டு அப்புறம் கேளுங்க. 2011 கணக்குல இந்த ஊர் சனத்தொகை ஒண்ணரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தீபத்துக்கு மட்டும் முப்பது நாப்பது லட்சம் பேர் வருவாங்கன்னு பேப்பர்ல போடறாங்க. அத்தனை பேருக்கும் ஒரு ராத்திரி படுக்க எங்கன்னு கூட்டம் போட்டுப் பேசறோம். வருஷம் பூரா இங்க படுக்கறவனுக்கு ஒரு கூட்டம் உண்டா? அரசாங்கம் கட்டிக் கொடுக்கற குடியிருப்பு ஊருக்குள்ள எத்தனை வரணும், எந்த வீட்டைத் தினவாடகைக்கு விடலாம், எதை விடக் கூடாதுன்னு மாநகராட்சி உக்காந்து பேசணும். நாம பேச வைக்கணும்.

அந்த மத்தலாங்குளத் தெரு அம்மாகிட்ட போன மாசம் ஒருத்தர் போயிருக்கார். 'கீழ் போர்ஷனை எனக்குக் கொடுங்க, ரூமா ஆக்கிக்கறேன், இப்ப வர்றதைப் போல நாலு மடங்கு'ன்னு. அந்த அம்மா, 'அப்ப பூ யார்ப்பா கட்டுவா?'ன்னு கேட்டு மோர் கொடுத்து அனுப்பிட்டாங்க. யார் போனதுன்னு கேக்காதீங்க. சொன்னேனே, நான் நாகரிகமானவன்.

தலைவர் மூணாவது சீட்டு அனுப்பிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். மின்விசிறியைப் பாத்துக்கிட்டிருக்கற வீட்டுக்கார ஐயாமாருக்கு. உங்க வீட்டுல குடியிருக்கறவங்களுக்குப் பத்தாவது, பன்னண்டாவது படிக்கற பிள்ளைங்க இருக்காங்க. பரீட்சை முடியற வரைக்கும் யாரையும் காலி பண்ணச் சொல்லாதீங்க. இங்க இருக்கற பத்து பேர் சரின்னா போதும், பேரை வாசல்ல இருக்கற தம்பிகிட்ட எழுதிட்டுப் போங்க, நோட்டும் பேனாவும் அவன்கிட்ட இருக்கு. முதல் பேர் தலைவரோடது, அவரைக் கேக்காமலே நான் எழுதச் சொல்லிட்டேன்.