முதல் பத்துப் பக்கம்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை" என்பதுதான் அது. மலாக்கா நகரிலும் கேட்கலாம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் கேட்கலாம். குறை சொல்லும் பெரியவரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். "பிள்ளையின் கையில் என்ன புத்தகம் கொடுத்தீர்கள் ஐயா? அதன் முதல் பத்துப் பக்கத்தையாவது நீங்கள் படித்தீர்களா?" பெரும்பாலும் பதில் வராது.

புத்தகம் வீட்டில் இருக்கத்தான் செய்யும். பரிசளிப்பு விழாவில் கிடைத்தது ஒன்று, நூல் வெளியீட்டில் மொய் வைப்பது போல் பணம் கொடுத்து வாங்கியது இன்னொன்று. அவை நல்ல நூல்களாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல நூல் வேறு, ஆளைப் பிடித்து இழுக்கும் நூல் வேறு. இரண்டும் ஒன்றாக அமைவதும் உண்டு. ஆயினும் படித்துப் பழக்கம் இல்லாதவருக்கு முதலில் வேண்டியது பிடித்து இழுக்கும் நூல்தான்.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

ஒரு காலத்தில் மலாக்காவில் தமிழ் படிக்கப் பிழைப்பே காரணமாக இருந்தது. 1796இல் மலாக்காவில் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குப் பார்ப்பதற்காகத் தமிழ் கற்றார்கள் என்றும், தம் தந்தை தம்மையும் அதற்காகவே தமிழ் படிக்க அனுப்பினார் என்றும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். துறைமுக வணிகத்திற்குத் தமிழ் தேவைப்பட்ட காலம் அது.

இன்று நிலைமை வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பல பாடங்களையும் ஒட்டித் தமிழ் இருக்கிறது. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அது ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வகுப்பும்கூடத் தானாக வருவதில்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் அதை நடத்த வழி பிறக்கிறது. அதன் பிறகு தமிழில் ஒரு கதைப் புத்தகத்தை எடுப்பதற்குப் பிள்ளைக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆவல் ஒன்றுதான் அவனை எடுக்க வைக்க வேண்டும்.

ஆகவே, பதின்மூன்று வயதில் அவன் கைக்கு வரும் முதல் நாவல் மிக முக்கியமானது. அது அவனைப் பிடித்துக்கொண்டால் அடுத்ததை அவனே தேடுவான். பிடிக்காவிட்டால், "தமிழ்க் கதை என்றால் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுவான். பிறகு யார் சொன்னாலும் அந்த முடிவை மாற்றுவது கடினம்.

லயத்து வீட்டு வாசகர்

இந்த மாநிலத்தில் நாவல் படித்த கூட்டம் ஒன்று இருந்தது. 1896இல் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே என்பார்கள். பின்னர் புக்கிட் அசாஹான் முதலிய இடங்களிலும் தோட்டங்கள் எழுந்தன. அவற்றின் லயங்களில் தமிழர்கள் குடியேறினார்கள்.

அந்த வாசகரின் ஒரு நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். நிரையில் இறங்கி மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பினால் உடம்பு கெஞ்சும். இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். ஞாயிறு இதழில் வந்த தொடர்கதையாக இருக்கும், அல்லது தமிழ்நாட்டிலிருந்து வந்த வார இதழாக இருக்கும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' உள்ளிட்ட நாளேடுகள் இப்படிப்பட்ட வாசகர்களால் வளர்ந்தவை.

அந்தக் கூட்டத்தைவிடக் கண்டிப்பான விமர்சகர் எங்கும் கிடைக்கமாட்டார். முதல் பக்கம் பிடிக்கவில்லையென்றால் தூக்கம் வென்றுவிடும்! வாரா வாரம் அந்தத் தூக்கத்தோடு போட்டியிட்டுத்தான் தொடர்கதை எழுத்தாளர்கள் தொழில் கற்றார்கள்.

முதல் பக்கத்தில் என்ன நடக்கிறது?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஐந்து பாகங்கள். தடிமனைப் பார்த்தாலே பிள்ளைகள் மிரளுவார்கள். ஆனால் முதல் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். ஆடிப் பெருக்கு நாள். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். இவன் யார், எங்கே போகிறான், எதற்காகப் போகிறான் என்பதெல்லாம் உடனே தெரிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்கின்றன. சோழ வரலாற்றைப் பாடமாக எடுத்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? குதிரைமேல் ஓர் இளைஞனை ஏற்றி அனுப்பியதால் வாசகர்களும் பின்னால் போனார்கள். 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டு நூலைத் தேடிய இளையோரும் உண்டு.

அவருடைய 'சிவகாமியின் சபதம்' நாவலிலும் இதே வித்தைதான். காஞ்சிக்குப் படிக்க வருகிறான் பரஞ்சோதி. ஊருக்குள் நுழைந்ததும் மதம் கொண்ட யானையொன்று பல்லக்கை நோக்கி ஓடுகிறது. அவன் வேலை எடுத்து எறிகிறான். அதன் பிறகு அவன் வாழ்க்கையே திசை மாறுகிறது.

சாண்டில்யனின் 'கடல் புறா'வில் கருணாகர பல்லவன் கலிங்கத்துத் துறைமுகத்தில் வந்திறங்குகிறான். அங்கே தமிழருக்குப் பாதுகாப்பில்லை. கடாரத்து இளவரசியும் கதைக்குள் வந்துவிடுகிறாள். கடாரம் என்பது நம் கெடா என்று சொன்னால் போதும், மலேசியப் பிள்ளையின் காது நிமிரும்.

மூன்றிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். ஓர் ஆள், ஓர் இடம், ஓர் இக்கட்டு. இந்த மூன்றும் தொடக்கத்திலேயே கண்ணில் படுகின்றன. அதோடு வாசகருக்குத் தெரியாத ஒன்றும் ஒளிந்திருக்கிறது.

நம் மண்ணின் நாவல்கள்

அரண்மனைக் கதைதான் இழுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலில் தந்தையைத் தேடி ஓர் இளைஞன் புறப்படுகிறான். 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைதான் கதையின் களம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் அங்கேயே மாண்ட தமிழர்கள் ஏராளம். வரலாற்றுப் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுகிற பையன், "அப்பா கிடைத்தாரா?" என்ற கேள்விக்காகப் பக்கத்தைப் புரட்டுவான்.

தோட்ட வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு, அகிலன் மலேசியத் தோட்டங்களைக் கண்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' இருக்கிறது. நகரத்து நடுத்தர வாசகருக்கு ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' இருக்கிறது. புற்றுநோயோடு மரணத்தை எதிர்நோக்கும் முதியவரின் கதை அது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலானது. ஜப்பானியப் படை நுழையும் மேடான் நகரில் அது தொடங்குகிறது. தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு அதில் வரும் மலாய்ச் சொற்கள் தடையாகும். மெர்லிமாவிலும் மஸ்ஜிட் தானாவிலும் வளர்ந்தவருக்கோ அவை கடைத்தெருவில் அன்றாடம் கேட்கும் சொற்கள். ஒருவருக்கு இடறும் பக்கம் இன்னொருவரை இழுத்துக்கொள்ளும் என்பதற்கு இதுவே சான்று. எனவே ஊரார் புகழ்ந்த பட்டியலைவிடப் படிக்கப் போகிறவரைத் தெரிந்துகொள்வதே முக்கியம்.

அலமாரியின் முன் நின்று

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? சில எளிய வழிகள் உண்டு.

முதலாவது, அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை, என்னுரை எல்லாவற்றையும் தாண்டிவிடுங்கள். நம் நூல்கள் பலவற்றில் கதைக்கு முன்னால் இருபது பக்கம் மாலை மரியாதையே நடக்கும். புதிய வாசகர் அந்த வாசலிலேயே களைத்துவிடுவார். கதை பிடித்த பின் திரும்பி வந்து படித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, நூலகத்திலோ கடையிலோ நின்றபடி முதல் இரண்டு பக்கத்தைப் படியுங்கள். யார் வருகிறார்? அவருக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது விடை தெரிய வேண்டும். ஒன்றாவது விடை தெரியாமல் உறுத்த வேண்டும். வானமும் நிலவும் தென்றலும் மட்டுமே வந்தால் இன்னும் எட்டுப் பக்கம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் ஆள் யாரும் வரவில்லையென்றால் இப்போதைக்கு அந்த நூல் வேண்டாம்.

மூன்றாவது, ஐந்து பாகத்தையும் ஒரே நாளில் மேசைமேல் அடுக்காதீர்கள். முதல் பாகம் மட்டும் போதும். மற்றவற்றை அவனே கேட்கட்டும்.

நான்காவது, படித்து முடித்ததும் பரீட்சை வைக்காதீர்கள். "இதில் என்ன நீதி தெரிந்துகொண்டாய்?" என்று கேட்ட மாத்திரத்தில் நாவல் பாடப்புத்தகம் ஆகிவிடும். "யாரை உனக்குப் பிடித்தது?" என்று கேளுங்கள், பேச்சு வளரும்.

மெதுவாகத் தொடங்கும் நூல்கள்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மெதுவாகத் தொடங்கும் சிறந்த நாவல்கள் இல்லையா? இருக்கின்றன. முதல் பக்கத்திலேயே கொலை நடக்கும் மட்டமான கதைகளும் இருக்கின்றன. பத்துப் பக்கச் சோதனை நூலின் தரத்தை அளக்காது. இந்த வாசகருக்கு, இந்த வயதில், இந்த நூல் பொருந்துமா என்பதை மட்டுமே அது சொல்லும். இன்று மூடி வைத்த நாவல் பத்தாண்டு கழித்து ஆளையே ஆட்டிவைக்கலாம். ஆனால் பத்தாண்டு கழித்தும் அவர் தமிழ் படிப்பவராக இருந்தால்தானே அது நடக்கும்!

கடைசியாக ஒன்று. லயத்து வீடுகளில் புத்தகம் வாய்வழியாகத்தான் பரவியது. அந்தப் பழக்கத்தை அடுக்குமாடி வீட்டிலும் தொடரலாம். தாத்தாவோ அம்மாவோ முதல் அத்தியாயத்தைக் கால் மணி நேரம் உரக்கப் படிக்கட்டும். பரஞ்சோதியின் கையிலிருந்து வேல் பறக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போகட்டும்.

"அப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்று குரல் வந்தால், "மேசைமேல்தான் இருக்கிறது, எடுத்துப் பாரப்பா" என்று சொல்லிவிட வேண்டியதுதான்.