அம்மாவும் அந்தப் பூட்டும்: கண் அசைவு சிகிச்சை பற்றிக் கொஞ்சம்

(ஒலிபரப்பான பேச்சின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

கண்ணை இப்படியும் அப்படியும் அசைக்க வச்சு மனக்காயத்தை ஆத்துற சிகிச்சை ஒண்ணு இருக்காமே, அது நிஜமா, இல்ல ஏமாத்து வேலையான்னு சில பேர் கேட்டிருந்தீங்க. நான் டாக்டர் இல்ல, சைக்காலஜி படிச்சவளும் இல்ல. எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய் வாசல்ல பெஞ்சுல உக்காந்திருந்தவ. அதனால அம்மா கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். "பேரைச் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லு"ன்னாங்க.

நாங்க எண்ணூர் பக்கம் ஒரு குப்பம். அம்மா மீன் வியாபாரம், காசிமேட்டுல எடுத்துட்டு வந்து கூடையில விப்பாங்க. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எனக்கு 12 வயசு, தம்பிக்கு 3. அவன் தூங்கிட்டிருந்தான். எழுந்து கடல் பக்கம் போயிடுவானேன்னு வெளியே பூட்டுப் போட்டுட்டு, கூடை தூக்க என்னையும் கூட்டிட்டு அம்மா கிளம்பிட்டாங்க. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நாங்க திரும்பி வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டு அண்ணன் பூட்டை உடைச்சு, இடுப்பளவு தண்ணியில இருந்து தம்பியைத் தூக்கியிருந்தார். தம்பி நல்லா இருக்கான். இன்னைக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுறான். ஆனா அம்மா அதுக்கப்புறம் எந்தக் கதவையும் பூட்டினதில்ல.

சரியா 19 வருஷம் கழிச்சு, 2023 டிசம்பர் 26, அதே தேதி. ராத்திரி பன்னிரண்டு மணி நெருங்கும்போது அமோனியா வாசனை. பெரியகுப்பம் பக்கத்துல கடலுக்கடியில போற குழாய்ல கசிவு. கண்ணு எரியுது, மூச்சு அடைக்குது. குழந்தைகளைத் தூக்கிட்டு ஊரே ரோட்டுல ஓடுது. ஐம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அந்த மாசம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளம், அதுல கலந்து வந்த எண்ணெய் எல்லாத்தையும் பார்த்திருந்தோம். நான் ஈரத்துணியை மூக்குல கட்டிக்கிட்டு "வாம்மா"ன்னு இழுக்கிறேன், அம்மா வாசப்படியில நிக்கிறாங்க. கையில பூட்டு. பூட்டவும் முடியல, கீழே போடவும் முடியல. உள்ளே யாரும் இல்லம்மான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காதுல விழவே இல்ல.

அதுக்கப்புறம் தூக்கம் போச்சு. பாத்ரூம் கழுவுற திரவத்தோட வாசனை வந்தாலே வேர்த்து விறுவிறுத்துப் போயிடும். எங்க ஊர்ல இதுக்குப் பேரு 'பயந்த கோளாறு'. வேப்பிலை அடிச்சோம், தர்காவுல போய் ஓதித் தண்ணி தெளிச்சோம், தாயத்து கட்டினோம். நான் அதையெல்லாம் கேலி பண்ண மாட்டேன். நாலு பேர் சுத்தி உக்காந்து "உனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதே ஒரு ஆறுதல்தான். ஒரு வாரம் தூங்கவும் செஞ்சாங்க. திரும்ப வந்துடுச்சு.

அப்புறம்தான் தெரிஞ்ச ஒரு நர்ஸ் மூலமா ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்தோம். ஈ.எம்.டி.ஆர். பயிற்சி எடுத்தவங்க. விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டாங்க: "இன்னாடி இது, கண்ணை ஆட்டுனா கடல் போயிடுமா?"

நியாயமான கேள்விதான். இந்த முறையைக் கொண்டு வந்தவங்க ஃபிரான்சின் ஷாபிரோன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர். 1987ல பூங்காவுல நடக்கும்போது, தன்னைத் தொந்தரவு செய்த நினைப்பு, கண்கள் வேகமா அசையும்போது கொஞ்சம் வலு குறையுறதைக் கவனிச்சாங்களாம். 1989ல முதல் ஆய்வு வெளியாச்சு. விஞ்ஞானிகள் நிறையப் பேர் சிரிச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் ஆய்வுகள் சேர்ந்துகிட்டே வந்து, 2013ல உலக சுகாதார நிறுவனம் மனஅதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்குப் பரிந்துரைக்கிற சிகிச்சைகள்ல இதையும் சேர்த்தது.

எப்படி வேலை செய்யுது? ஒரு விளக்கம் எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இது: ஒரு காட்சியை மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே விரலையும் கண்ணால தொடரணும்னா, மூளை ரெண்டு வேலைக்கு இடம் பங்கு போடணும். அதுல காட்சி மங்கிப் போகுது. மங்கின நிலையிலேயே அது திரும்ப நினைவுல பதியுது. கண் அசைவே தேவையில்ல, பயந்த விஷயத்தைப் பாதுகாப்பான இடத்துல நேருக்கு நேர் பார்க்கிறதுதான் குணப்படுத்துதுன்னு சொல்ற ஆய்வாளர்களும் இருக்காங்க. அந்தச் சண்டை இன்னும் முடியல. பலன் இருக்கான்னு கேட்டா இருக்கு, காரணம் எதுன்னுதான் தகராறு.

முதல் ரெண்டு தடவை விரலையே காட்டல. அம்மாவுக்கு ஒரே எரிச்சல். "பஸ்ஸு காசு குடுத்துப் போறோம், அந்தப் பொண்ணு கதை கேட்டுக்கினே கீது!" ஆனா அதுதான் சரியான முறை. முதல்ல முழு வரலாறு கேட்கணும். அப்புறம் மனசு தாங்காதபோது திரும்பி வர ஒரு இடத்தை மனசுக்குள்ளேயே தயார் பண்ணணும். அம்மா சொன்ன இடம் எது தெரியுமா? பாட்டி வீட்டுத் திண்ணை, வெயில்ல காயற நெத்திலி. அந்த வாசனைதான் அவங்களுக்கு நிம்மதி.

மூணாவது தடவை, ரொம்பத் தொந்தரவு செய்யற காட்சி எதுன்னு கேட்டிருக்காங்க. நான் அலைன்னு நினைச்சேன். அம்மா சொன்னது பூட்டு. உடைஞ்சு தொங்குற பூட்டு. அதோட ஒட்டிக்கிட்டு வர்ற நினைப்பு, "நான்தான் பூட்டினேன்." பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு கேட்டதுக்கு, "பதினாறு அணாவும்"னு சொல்லியிருக்காங்க. பத்துன்னு எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் விரல். அரை நிமிஷம் போல ஒரு சுற்று, நிறுத்தி "இப்ப என்ன வருது?"ன்னு கேள்வி. வர்றதைச் சொன்னா போதும், விளக்கம் சொல்லவோ புத்தி சொல்லவோ மாட்டாங்க. திரும்ப ஒரு சுற்று. அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் பண்ண கண்ணு, எரிய ஆரம்பிச்சிடுச்சு. உடனே முறையை மாத்தி, ரெண்டு முழங்கால்லயும் மாத்தி மாத்தி லேசா தட்டினாங்க. அதையும் செய்யலாம், ரெண்டு காதுல மாறி மாறி ஒலி கேட்க வைக்கலாம். ஆக எங்க அம்மா எடுத்துக்கிட்ட கண் அசைவு சிகிச்சையில கண்ணு பெரும்பாலும் அசையவே இல்ல!

நாலாவது தடவை முடிஞ்சு அழுதுகிட்டே வந்தாங்க, அன்னைக்கு ராத்திரி கெட்ட கனவு வேற. நடுவுல இப்படி ஆகலாம்னு முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க. சொல்லலைன்னா நான் அதோட நிறுத்தியிருப்பேன். மொத்தம் ஒன்பது தடவை. ஏழாவதுல அம்மா தானா ஒண்ணு சொல்லியிருக்காங்க: "கடல் பக்கம் போயிடுவான்னுதானே பூட்டுனேன். காப்பாத்தத்தானே பூட்டுனேன்." அப்போ கேட்டா மூணுன்னாங்க. முழுசா பூஜ்யம் ஆகல.

இது நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல. 2001 குஜராத் பூகம்பத்துக்கு அப்புறம் நம்ம நாட்டு நிபுணர்கள் இதுல பயிற்சி எடுத்தாங்க. சுனாமிக்கு அப்புறம் இலங்கையில இதைப் பயன்படுத்தின அனுபவத்தை ருவன் ஜயதுங்கங்கிற மருத்துவர் 2008ல எழுதியிருக்கார். கையைக் குறுக்கே மடக்கித் தோள்ல மாத்தி மாத்தித் தட்டிக்கிற 'பட்டாம்பூச்சி அணைப்பு' 1998ல மெக்சிகோவுல, புயல் அடிச்ச அகபுல்கோ கடற்கரையில, குழந்தைகளுக்காக வந்தது. புயலடிச்ச கடற்கரைன்னா நமக்குத் தெரியாததா?

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். இந்தச் சிகிச்சை நடந்து முடிஞ்சதுக்கு. முடியாததுக்கு இல்ல. அம்மாவே ஒருநாள் கேட்டாங்க, "எனக்கு விரல் காட்டினீங்க சரி, குழாய்க்கு யாரு காட்டுவா?" எண்ணூர்ல வாசனை வந்தா பயப்படறது நோய் இல்ல, புத்திசாலித்தனம். அந்தப் பயத்தை ஆலோசகர் தொடவே இல்ல. பூட்டை மட்டும்தான் தொட்டாங்க.

யூடியூப்ல ஓடற புள்ளியைப் பார்த்து வீட்டுலயே செய்யாதீங்க. பழைய காயம் திறந்துக்கிட்டா மூட ஆள் வேணும். வலிப்பு இருந்தா, கண் கோளாறு இருந்தா, அடிக்கடி நினைவு தப்பற மாதிரி இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. போற இடத்துல, மனநலப் படிப்பு படிச்சவங்களா, அதுக்கு மேல இந்தப் பயிற்சியும் முடிச்சவங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. தனியார்ல செலவு ஆகும். எங்களுக்கு ஒரு தடவைக்கு அம்மாவோட ரெண்டு மூணு நாள் வியாபாரக் காசு போச்சு. அவ்வளவு முடியாதவங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டலாம், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கு. எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் இதே முறை கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க, ஆனா இதுக்கு வேற நல்ல சிகிச்சைகளும் உண்டு. டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அம்மா கதவைப் பூட்டினாங்க. பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாங்க. தெரு முனை வரைக்கும் வந்து, "சாவி உன்கிட்டதானே?"ன்னாங்க. என்கிட்டதான்மான்னேன். பஸ் வந்துடுச்சு, ஏறிட்டோம்.