தகப்பன் உண்ணும் மருந்தும் தாய் சுமக்கும் பிள்ளையும்

(ரிங்லெட் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, தண்ணீர் என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்க, மருந்து மாத்திரையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. லயத்தில் ஒரு பெண் கர்ப்பமானால் அவள் என்ன தின்றாள், என்ன குடித்தாள் என்று ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. பிள்ளைக்கு ஒரு குறை என்றால் பழி முழுவதும் அவள் தலையில் விழுகிறது. தகப்பனைப் பற்றியோ இரண்டு விதமான பேச்சு. அவனுக்கும் பிள்ளையின் நலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பார் ஒரு சாரார். அவன் ஊசி போட்டால் கரு கலையும், மாத்திரை தின்றால் பிள்ளை ஊனமாகும் என்பார் மறு சாரார். இந்தப் பயத்தால் வலிப்பு மாத்திரையையும் காசநோய் மாத்திரையையும் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் தவறு. நாம் வைத்தியர்கள் அல்ல. ஆனால் வைத்தியம் கண்டறிந்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

முதலில் அடிப்படை. ஆணின் விந்து உடலில் உருவாகி முதிர ஏறக்குறைய 70 நாள் பிடிக்கிறது. ஆகவே தகப்பன் உட்கொண்ட மருந்து விந்தின் வழியாகப் பிள்ளையைத் தொடக்கூடிய காலம், கருத்தரிப்பதற்கு முந்திய சுமார் மூன்று மாதம்தான். கரு தங்கிய பின் பிள்ளைக்கு உணவு தாயின் இரத்தத்திலிருந்தே போகிறது. தகப்பன் விழுங்கும் மாத்திரைக்கு அந்த வழி இல்லை. எந்த மருந்தும் உண்ணாத பெற்றோருக்கும் 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று ஏதாவது ஒரு குறையோடு பிறக்கின்றன. ஆகவே குறையைக் கண்டவுடன் இது யார் செய்த பாவம் என்று கேட்பது நியாயமாகாது.

மருந்தைக் கண்டு உலகம் பயந்ததற்குக் காரணம் தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மருந்து அது. கர்ப்பிணிகள் உண்டதால் கை கால் வளராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961-ல் அதை அங்கே விற்பனையிலிருந்து எடுத்தார்கள். தொழுநோயாளருக்கு வரும் ஒரு வகைக் கடும் உபாதைக்கும், சில புற்றுநோய்க்கும் இன்றும் அது கொடுக்கப்படுகிறது. விந்து நீரிலும் அது கலப்பதால், அதை உண்ணும் ஆண்கள் உறை அணிய வேண்டும் என்பது கண்டிப்பான விதி. புற்றுநோய்க்கான வேறு பல மருந்துகளுக்கும் இதுபோன்ற எச்சரிக்கை உண்டு.

வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எபிலிம் என்ற பெயரில் அதை நம்மவர் அறிவார்கள். கருத்தரிப்பதற்கு முந்திய மூன்று மாதத்தில் தகப்பன் அதை உண்டிருந்தால், 100 பிள்ளைகளில் ஐவருக்கு மூளை வளர்ச்சியில் குறை வரக்கூடும் என்றும், வேறு இரண்டு வலிப்பு மருந்துகளை உண்டவர்களின் பிள்ளைகளில் அது மூவர்தான் என்றும் ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2024 ஜனவரியில் இதை முன்னெச்சரிக்கையாக அறிவித்தது. இது முடிவாக நிரூபிக்கப்பட்ட செய்தி அல்ல. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் தகப்பன் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு மருந்து உண்டா என்று கேட்கலாம். தானாக நிறுத்தவே கூடாது. மலைச்சரிவில் கொழுந்து மூட்டையோடு நிற்கும்போது வலிப்பு வந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

காசநோயும் அப்படித்தான். மருந்தை நிறுத்திய தகப்பன் இருமினால் ஒரே அறையில் படுத்திருக்கும் கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் நோய் தொற்றும். அங்கே மருந்தே பிள்ளைக்குக் காவல். மாறாக, உடம்பு முறுக்கேற வேண்டும் என்று சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்து உற்பத்தியையே அடக்கிவிடும். ஆண்மைக்கென்று போடும் ஊசி பிள்ளை வரத்தையே தள்ளிப்போடுகிறது!

இனித் தடுப்பூசி. 2021 பிப்ரவரி 24-ல் நம் நாட்டில் கோவிட் ஊசி தொடங்கியபோது, போட்டால் ஆண்மை போகும் என்ற வதந்தி கைப்பேசியில் பறந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தார் 45 ஆண்களை ஊசிக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். விந்தின் எண்ணிக்கை குறையவில்லை. கடுங்காய்ச்சல்தான் அதைச் சில வாரங்களுக்குக் குறைக்கும். 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா ஊசி போட்டபோதும் இதே மாதிரிப் புரளி கிளம்பிப் பெற்றோர் பலர் தயங்கினர். ருபெல்லாவோ கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் பிள்ளையின் கண், காது, இருதயம் கெடும் நோய். அதை வீட்டுக்குக் கொண்டு வருகிறவன் தகப்பனாகவும் இருக்கலாம். கக்குவான் இருமலுக்குக் குழந்தைக்கு முதல் ஊசி இரண்டாம் மாதத்தில்தான். அதுவரை சுற்றியிருப்போர் போட்ட ஊசியும் அதற்கு வேலி.

தோழர்களே! மாத்திரையைக் கண்டு பயப்படும் நாம், முதுகில் சுமக்கும் பம்பைக் கண்டு பயப்படுகிறோமா? 1977-ல் கலிபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊரில், டி.பி.சி.பி. என்ற வேர்ப்புழு மருந்து தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, அந்தப் பிரிவில் எவருக்கும் புதிதாகப் பிள்ளை பிறக்கவில்லை என்று கண்டார்கள். சோதித்தால் பலருக்கு விந்து மிகக் குறைவு. சிலருக்கு அறவே இல்லை. அந்த மருந்து எலிகளின் விதையைச் சுருக்குகிறது என்று 1961-லேயே ஆராய்ச்சி வெளிவந்திருந்தது! தொழிலாளிக்குத்தான் யாரும் சொல்லவில்லை. 1979-ல் அமெரிக்காவில் பெரும்பாலான உபயோகத்துக்குத் தடை வந்தது. கோஸ்டாரிகா முதலிய நாடுகளின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர் பிள்ளைப் பேறு இழந்தோம் என்று நீதிமன்றப் படி ஏறினார்கள்.

எல்லா மருந்தும் அப்படியல்ல. ஆனால் எது எப்படி என்று கேட்பது நம் உரிமை. 1994-ன் தொழில் பாதுகாப்புச் சட்டமும், 2000-ல் வந்த அபாய இரசாயன விதிகளும், மருந்தின் தன்மையைச் சொல்லவும், பயிற்சி தரவும், கையுறை, முகமூடி கொடுக்கவும் முதலாளியைக் கட்டுப்படுத்துகின்றன. மருந்து அடித்த சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள். கர்ப்பிணி மனைவி கையால் அதைத் துவைக்க விடாதீர்கள். வீட்டுக்குள் புகைக்காதீர்கள், அந்தப் புகை தாயின் மூச்சு வழியே பிள்ளையை அடைந்து எடையைக் குறைக்கும்.

மனைவியின் கிளினிக் நாளில் தகப்பனும் கூடப் போகட்டும். தான் உண்ணும் மாத்திரையைக் கையில் கொண்டுபோய்க் காட்டட்டும். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து மணமான ஆண் தொழிலாளிக்கு மனைவியின் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு சட்டப்படி உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 30 நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை கிடைக்கும். கேட்டுப் பெறுங்கள், எழுத உதவி வேண்டுமானால் சங்கத்துக்கு வாருங்கள்.

பிள்ளை தாய்க்கு மட்டும் உரியதல்ல. பொறுப்பும் அவளுக்கு மட்டும் உரியதல்ல. பழியைப் பங்கு போடுவதை விட்டு, கவனத்தைப் பங்கு போடுவோம்.