பனையின் வைரம் எந்தப் பக்கம்?

தலைப்பைப் பார்த்ததும் முன்வரிசையில் சிலர் சிரித்துக்கொண்டார்கள். அவர்களோடு இவ்வுரையாளருக்கு உள்ள வழக்கு பழையது; இன்று தீர்த்துவிடலாம்.

புறத்தே காழ், அதாவது வைரம், உள்ளது புல். அகத்தே உள்ளது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டைத் தமிழர் அன்றே கண்டுவிட்டார்கள் என்று இதைச் சொல்லிக் கருத்தரங்குதோறும் கைதட்டல் வாங்குகிறார்கள். மரபியல் அங்கே விதையைப் பற்றிப் பேசவே இல்லை. வித்திலையைக் கொண்டு வகுத்தவர் 17ஆம் நூற்றாண்டின் ஜான் ரே. மரபியல் பார்த்தது தண்டின் வைரத்தை. அது வேறு கேள்வி; சின்னக் கேள்வியும் அல்ல.

ஒரு பனையை அறுத்துப் பார்க்கட்டும். ஓரத்தில் கருத்த நார்ப்புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே போகப் போகப் புள்ளிகள் கலைந்து, நடுவில் சோறுதான் மிஞ்சும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாஸ்குலார் கற்றை: நீரேற்றும் சைலம், உணவு கடத்தும் புளோயம், புளோயத்தின் மேல் தொப்பி போலக் கவிந்த ஸ்கிளிரென்கைமா நார். ஓரத்துக் கற்றைகளில் அந்தத் தொப்பி பருத்திருப்பதே வைரம். பனையினத்தில் நார்ச்செல்களின் சுவர் ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். வீடு கட்டுகிறவர் முதிர்ந்த மரமாகத் தேடுவது சும்மா அல்ல. தச்சர் அதைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, ஓரத்தைப் பனங்கையாக்குகிறார்.

தேக்கில் எல்லாம் தலைகீழ். பட்டைக்கு உட்புறம் கேம்பியம் ஆண்டுதோறும் புதுச் சைலத்தை அடுக்க, உள்ளே அகப்பட்ட பழைய சைலத்தில் உயிர்ச்செல்கள் மடிந்து, எண்ணெய்ப் பொருள்கள் படிந்து வைரம் பாய்கிறது. புறத்தே இருப்பது வெறும் வெளிறு. பனைக்குக் கேம்பியம் இல்லை. அதனால்தான் பனையில் விழுந்த அரிவாள் வெட்டு மூடுவதே இல்லை. வேம்பில் விழுந்தது நாளடைவில் உதடு கூடிவிடும்.

ஐரோப்பியரும் இதில் சறுக்கியவர்கள்தாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெஃபோந்தேன் இதே புறவைரத்தைக் கொண்டு ஒருவித்திலைத் தண்டுகளைப் பிரித்தார். புதுநார் நடுவில் பிறந்து பழையதை ஓரத்துக்குத் தள்ளுகிறது என்ற எண்ணம் அதையொட்டி வேரூன்றியது. 1831இல் ஹூகோ ஃபான் மோல் அதை மறுத்தார். கற்றை உள்ளே வளைந்து சென்று, பிறகு வெளியே திரும்பி இலைக்குள் போகிறது. 1965இல் ஸிம்மர்மனும் டாம்லின்சனும் ராபிஸ் பனையின் தொடர் வெட்டுகளைத் திரைப்படமாகவே ஓட்டி அந்தப் பாதையைத் தொடர்ந்தார்கள்.

புறவைரம் என்றால் ஒருவித்திலை, அகவைரம் என்றால் இருவித்திலை என்ற சமன்பாடு உடையும் இடம் பப்பாளி. வித்திலை இரண்டு, கேம்பியமும் உண்டு. அகத்தே வைரம் மட்டும் இல்லை. சைலம் மெத்தென்றிருக்கும், நடுவில் பொள்ளல். அதை நிமிர்த்தி வைத்திருப்பது பட்டைப் பக்கத்துப் புளோய நார். மரபியலின் அளவுகோலை அப்படியே வைத்தால் பப்பாளி எந்தப் பக்கம்? கைதட்டியவர்கள் சொல்லட்டும்.

இலைக்கும் வேருக்கும் நேரமில்லை. கரும்பிலையில் கற்றையைச் சுற்றி நிற்கும் உறைச்செல்களைப் பற்றித் தனி உரையே வேண்டும்.

ஆய்வு மாணவர் யாரேனும் கமுகையும் ஈச்சையையும் அடி, நடு, உச்சி என மூன்றிடத்தில் வெட்டி ஒப்பிடலாம். தச்சுப்பட்டறைச் சொற்களையும் கூடவே தொகுத்தால் நல்லது. தொடங்குவதற்கு ஒரு சவரக்கத்தியும், லிக்னினைச் சிவப்பாக்கிக் காட்டும் சாஃப்ரனின் சாயமும் போதும்.