ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் அனுபவம் ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இந்த விளையாட்டினால் ஒரு நல்ல நண்பனோடு பத்து வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்தவன் நான்.

விடுதியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன்சுருட்டி கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு, சைக்கிளை மிதித்துக் கங்கைகொண்டசோழபுரம் போய்விடுவோம். கோயில் புல்தரையில் உட்கார்ந்துதான் அந்த ஆட்டத்தை உருவாக்கினோம். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் ஒற்றன், ஒருவன் படகோட்டி, ஒருவன் குதிரை வீரன். "ராத்திரி. கொள்ளிடத்துல வெள்ளம். என்னடா பண்றே?" என்று கதை நடத்துபவன் கேட்பான். "நீந்திப் போறேன்" என்றால் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து அவன் கரையேறுவான், இல்லை வெள்ளத்தோடு போவான். விதிகளை நானும் என் நண்பனும் ஒரு நோட்டில் பாதிப் பாதியாக எழுதி வைத்தோம்.

படிப்பு முடிந்து போன பிறகு, ஜூனியர் பையன்கள் சிலர் அந்த நோட்டைப் புத்தகமாகப் போடலாமா, கூடவே சொந்தமாக இரண்டு கதைகள் எழுதிச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். "தாராளமா" என்றேன். நண்பனுக்குத் தெரிந்தது. "யாரைக் கேட்டுக் கொடுத்தே?" என்றான். எனக்கும் கோபம். வார்த்தை தடித்தது. பையன்கள் பயந்து விட்டுவிட்டார்கள். புத்தகமும் வரவில்லை, நட்பும் போயிற்று. தப்பு முழுக்க எங்களுடையது. இது யாருடையது, யார் எடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதவில்லை.

இதே ஆட்டத்தை வைத்து அமெரிக்காவில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அங்கே 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டம் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. நாங்கள் புல்தரையில் ஆடியதும் ஏறக்குறைய அந்த வகைதான். பிற்பாடு அது 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அந்த நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தது. விதிகளின் சாரத்தைத் தனியே எடுத்து, ஒரு திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இந்த விதிகளை வைத்துக் கதைப் புத்தகம் எழுதலாம், அச்சடிக்கலாம், விற்கலாம். எங்களுக்குப் பணம் தர வேண்டாம் என்றது.

இது தர்மம் அல்ல, கணக்கு. நம் பக்கத்து விவசாயிக்குத் தெரியும். எந்தக் கம்பெனி பம்ப்செட்டுக்கு ஜெயங்கொண்டத்தில் ஸ்பேர் கிடைக்கிறதோ, அந்தக் கம்பெனி பம்ப்செட்டைத்தான் வாங்குவார். ஸ்பேர் கடைக்காரர் சம்பாதிக்கச் சம்பாதிக்க பம்ப்செட்டும் விற்கும். அதே மாதிரி, வெளியார் கதைப் புத்தகங்கள் பெருகப் பெருக, மூல விதிப் புத்தகமும் விற்கும் என்று போட்ட கணக்கு அது. இதை நம்பிச் சின்னச் சின்னப் பதிப்பகங்கள் நிறைய முளைத்தன. 2009-இல் 'பைசோ' என்ற பதிப்பகம் அதே விதிகளிலிருந்து 'பாத்ஃபைண்டர்' என்று தனியாக ஓர் ஆட்டத்தையே கொண்டுவந்து, மூல நிறுவனத்துக்கே போட்டியாக நின்றது. உரிமம் அதையும் அனுமதித்தது.

2023 ஜனவரியில் இடி விழுந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது என்று சொல்லும் ஒரு புது வரைவு வெளியே கசிந்தது. வருஷ வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை பங்கு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. இருபது வருஷமாக அதை நம்பிப் பிழைத்தவர்கள் பழைய உரிமத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்கள். 'நிரந்தரம்' என்று இருந்தது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றி எழுதலாம். தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், மனசு மாறிவிட்டது என்று நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. தாங்கள் கையில் வைத்திருந்தது செட்டில்மென்ட் என்று நம்பியவர்களுக்கு, அது உயிலாகவும் இருக்கலாம் என்ற பயம் வந்துவிட்டது. வழக்கு நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். சின்னப் பதிப்பாளர் கோர்ட் வாசலை மிதிக்கும்போதே பாதி தோற்றுவிடுகிறாரே!

ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். சந்தாவை நிறுத்தினார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. விதிகளின் சாரத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அது கொடுத்தவரால் திரும்பப் பெற முடியாத உரிமம். எடுப்பவர், மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் பொதுவுக்கே விட்டது. கல்கியின் எழுத்துகளையும் அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால்தான் 'பொன்னியின் செல்வன்' இத்தனை பதிப்பகங்களில், இத்தனை விலைகளில் கிடைக்கிறது. எங்கள் ஆட்டத்தில் பூங்குழலி படகு ஓட்டினாள். வந்தியத்தேவன் வரலாற்றில் இருந்தவர், அவர் யாருக்கும் சொந்தமில்லை. பூங்குழலி கல்கியின் கற்பனை. அவளை நாங்கள் பயமில்லாமல் எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் அந்த நாட்டுடைமைதான். அடுத்தவர் திறந்துவைத்த கதவு வழியாக உள்ளே போய்விட்டு, எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு சண்டை போட்டோம், பாருங்கள்.

சோழர் காலத்துக் கோயில்களில் கொடையைக் கல்லில் வெட்டும்போது 'சந்திராதித்தவல்' என்று சேர்ப்பார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். கொடுத்தவனே வந்து கேட்டாலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கல்தான் பத்திரம். அதைப் படிக்காமலே அந்தப் புல்தரையில் உட்கார்ந்து நாங்கள் விதி எழுதிக்கொண்டிருந்தோம்.

தம்பி தங்கைகளே, நீங்கள் புராஜெக்ட் செய்வீர்கள், மென்பொருள் எழுதுவீர்கள், ஆட்டமும் கட்டுவீர்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். சேர்ந்து செய்தால், எது யாருடையது என்று முதல் நாளே எழுதுங்கள். நட்பு இருக்கும்போதுதான் அதை எழுத முடியும். பொதுவுக்குக் கொடுப்பதென்றால், திரும்பப் பெற முடியாத உரிமத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் போதாது. அடுத்தவர் திறந்து கொடுத்ததை எடுத்தால், பெயரைச் சொல்லுங்கள், உரிமத்தை முழுக்கப் படியுங்கள். இலவசம் என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள்.

இந்தச் சந்திப்புக்கு அழைப்பு வந்த அன்று ராத்திரி நண்பனுக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு நிமிஷம் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் அவனே கேட்டான், "அந்த நோட்டு இருக்காடா?" இருந்தது. டிரங்குப் பெட்டியில், ஓரம் செல்லரித்து.

இரண்டு பேர் எழுதியதை ஒருவன் மட்டும் கொடுக்க முடியாது என்பதை இப்போது நான் அறிவேன். ஆகவே முதல் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இந்த விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறோம். யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், கதை சேர்க்கலாம், விற்று லாபமும் பார்க்கலாம். எங்கள் இருவர் பெயரையும் போட்டால் போதும். நகல் ஒன்றைக் கல்லூரி நூலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

அன்று கேட்ட அந்த ஜூனியர் பையன்கள் இந்த அரங்கில் இருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது போடுங்கள் புத்தகத்தை.